திங்கட்கிழமை வள்ளம் ஓடுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. கோப்பாயில் அம்மாவோடு இருக்கிறேன். நானும் அவவும் மட்டும்தான். சென்ற வருடம் நெடுந்தீவில் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்தது. விடிய நாலு மணிக்கு எழும்பி, ஒரு பஸ்ஸில் யாழ்ப்பாணம் ரவுணுக்கு, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு, பிறகு ஒரு மணித்தியாலம் வள்ளத்தில். பின்னேரம் அதே வழியில் திரும்பி வருவேன். பஸ் பிந்தினால் வள்ளம் போய்விடும். பஸ் நேரத்துக்கு வந்தால், காற்று என்று சொல்லி வள்ளம் ஓடாது. நான் போய் நின்றால் மட்டும்தான் இப்படி. என்ர ராசி. வள்ளத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைச்சுற்றும் சத்தியும். வள்ளம் ஓடாத ஒரு நாள், பிந்தினால் வரவுப் பதிவேட்டில் விழும் சிவப்புக் கோட்டுக்குப் பயந்து நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மீன்பிடிப் படகில் போனோம். அதிலிருந்து ஞாயிறு பின்னேரம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை. நடுக்கடலில் சிக்னல் இல்லாத நேரம் அம்மா பத்துத் தரம் எடுத்திருப்பா. இறங்கினதும் அவவின் அழுகைதான் முதலில் கேட்கும். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். எனக்கு என்ன பிரச்சினை?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உங்களில் பிழை என்று சொல்ல ஒன்றே ஒன்றைத்தான் கண்டேன், அந்த மீன்பிடிப் படகு. அதற்குப் பிறகு வருகிறேன். மற்றதில் பெரும்பகுதி வெறும் கணக்கு. உளவளத்துணையாளரிடம் எழுதினால் கணக்குப் பாடம் எடுக்கிறாவே என்று நினைக்காதீர்கள். தீவுப்பகுதியில் சில வருடம் வேலை செய்தவள் நான். அங்கே மனத்தைச் சரிசெய்யப் போவதற்கு முன் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று அடிபட்டுத்தான் படித்தேன்.

உங்கள் பயணம் ஒரு சங்கிலி, போக மூன்று கண்ணி: பஸ், பஸ், வள்ளம். ஒவ்வொன்றும் பத்து நாளில் ஒன்பது நாள் சொன்ன நேரத்துக்கு ஓடுகிறது என்று வைப்போம். இது தாராளமான கணிப்பு. தென்மேற்குக் காற்று அடிக்கும் சோளகக் காலத்தில் குறிகட்டுவான் துறையில் நின்று இதைச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்படியிருந்தும் மூன்றும் ஒரே நாளில் சரிவருவது நூறு நாளில் 73 நாள்தான். திரும்பி வரும் மூன்றையும் சேர்த்தால் 53. இரண்டு நாளைக்கு ஒரு நாள் எங்கேயோ ஒரு கண்ணி அறும். நீங்கள் எவ்வளவு விடிய எழும்பினாலும் அறும்.

இனி உங்கள் ராசி. அரை மணிக்கொரு பஸ் என்று ஒரு வழித்தடத்தை எடுங்கள். முன்னால் போகும் பஸ் தரிப்பிடம் தரிப்பிடமாக ஆட்களை ஏற்றிப் பிந்தும். பின்னால் வருவதற்கு ஏற்ற ஆள் இல்லை, அது ஓடிவந்து முன்னதை எட்டிப் பிடிக்கும். கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும், பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. இடைவெளி 10 நிமிடம், 50 நிமிடம், 10, 50 என்று மாறிமாறி வந்தால் சராசரி என்னவோ 30 தான். ஆனால் நேரம் பாராமல் தரிப்பிடத்துக்கு வரும் ஒருவர் அந்த 50 நிமிடப் பள்ளத்துக்குள் விழ ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு இருக்கிறது. 50 நிமிட இடைவெளி அகலமானது, அவ்வளவுதான் காரணம். சராசரிக் காத்திருப்பும் 15 நிமிடம் ஆகாது, கிட்டத்தட்ட 22 நிமிடம். உங்கள் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் இதே ராசிதான், பிள்ளை. எழுதிப் போட்டது நீங்கள் மட்டும்.

அப்படியென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் பத்து நிமிடம் முந்தப் பார்ப்பதில் பயனில்லை. இருக்கிற உபரி நேரம் முழுவதையும் ஒரே இடத்தில் வையுங்கள்: வள்ளத்துக்கு முன்னால். தவறவிட்டால் அடுத்தது கிட்டடியில் வராதது அது ஒன்றுதான். வழமையாகப் பிடிக்கும் குறிகட்டுவான் பஸ்ஸுக்கு முந்தின பஸ் எது என்று பாருங்கள், அதுதான் இனி உங்கள் பஸ். துறையில் முக்கால் மணி நேரம் தேத்தண்ணியோடு இருப்பது அலுப்புத்தான். ஆனால் பஸ்ஸுக்குள் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தபடி புங்குடுதீவுத் தாம்போதியைக் கடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஞாயிறு பின்னேரப் படபடப்பைப் பற்றி. 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கணினித் திரையில் கற்கள் வரும். கல்லின் கீழே பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு சிறு மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, வரலாம் வராமலும் விடலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் அவர்களுக்கு வியர்வையும் பதற்றமும் கூட இருந்தன. உங்களுக்கு இது விளங்கும். வள்ளம் ஓடாது என்று சனிக்கிழமையே தெரிந்த கிழமைகளில் ஞாயிறு நித்திரை எப்படி என்று யோசித்துப் பாருங்கள். நன்றாகத்தான் வந்திருக்கும். அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள்: நிலைமை எவ்வளவுக்கு நிச்சயமில்லையோ அவ்வளவுக்குப் பதற்றமும் ஏறி இறங்கியவர்கள், பாம்பை ஊகிப்பதிலும் கெட்டிக்காரராக இருந்தார்கள். உங்கள் நெஞ்சு மூளை கெட்டுத் துடிக்கவில்லை. கணக்கைப் பார்த்துத் துடிக்கிறது.

ஆகவே, நெஞ்சைத் தட்டி ஆற்றுவதற்கு முன் கணக்கை மாற்றுவோம். காற்று உங்கள் கையில் இல்லை, பஸ் உங்கள் கையில் இல்லை. கடலைக் கடக்கும் தடவைகளின் எண்ணிக்கை மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. இப்போது கிழமைக்குப் பத்துத் தரம் கடக்கிறீர்கள். நெடுந்தீவில் ஓர் அறை எடுங்கள். திங்கள் இரவும், புதன், வியாழன் இரவுகளும் அங்கே தங்கினால் பத்து நாலாகும்: திங்கள் போய்ச் செவ்வாய் பின்னேரம் வருவது, புதன் போய் வெள்ளி பின்னேரம் வருவது. செவ்வாய் இரவும் சனி ஞாயிறும் அம்மாவோடு. அவவைத் தனிய விட்டுவிட்டு அங்கே நிரந்தரமாக இருக்கச் சொல்லவில்லை. மற்ற மூன்று இரவும் அம்மாவோடு வந்து படுக்கச் சொந்தத்தில் ஒரு பிள்ளையோ, சுவரோடு சுவராக இருக்கும் அயலோ இல்லாமலா போகும்? வாடகைக் காசை, இப்போது பஸ்ஸுக்கும், தவறவிட்ட நாட்களில் ஓட்டோவுக்கும், அரைநாள் லீவுக்கும் போவதோடு வைத்துப் பாருங்கள். நான் ஒருதரம் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை அதற்குப் பிறகு.

என் கதையையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாடைக் காலத்தில், ஒரு நாள் அலுவல்தானே என்று கைப்பையோடு மட்டும் நெடுந்தீவுக்குப் போனேன். மூன்று இரவு வள்ளம் இல்லை. மாற்றுடுப்பு இல்லை, போனில் சார்ஜ் இல்லை. தங்க இடம் தந்த அம்மா தன்ர சோட்டியொன்றைத் தந்தா, அது எனக்கு இரண்டு சுற்று வரும். முதல் நாள் இரவு அழுதேன். மூன்றாம் நாள் வேலிக் கல்லில் இருந்து கணவாய் துப்பரவு செய்துகொண்டிருந்தேன். கரை திரும்பினதும் செய்த முதல் வேலை, ஒரு பொலித்தீன் பைக்குள் இரண்டு சோடி உடுப்பு, சவர்க்காரம், மருந்து, சார்ஜர், கொஞ்சக் காசு என்று போட்டு அந்த வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தது. அறை எடுக்கும் வரைக்குமாவது நீங்களும் ஒரு பை வையுங்கள். "வள்ளம் இல்லை" என்ற செய்தியின் பாதிப் பயம் அந்தப் பையோடு போய்விடும்.

மிஞ்சிய நாலு தடவைக்குக் காற்றைப் படிக்க வேண்டும். ஏறக்குறைய வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து. கார்த்திகையிலிருந்து மாசி வரை வாடை, வடகிழக்கிலிருந்து, வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிற அதே காற்று. புயல் சின்னங்கள் பெரும்பாலும் கார்த்திகை மார்கழியில். பங்குனி சித்திரையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், அதனால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும்பும். வள்ளம் அப்படி உதறுவது அதனால்தான். இன்னொன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். 30 கிலோமீற்றருக்கும் 60 கிலோமீற்றருக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு என்று எண்ணாதீர்கள்.

இரவு எட்டு மணிக்கு, ஒரே ஒரு தரம், வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையைப் பாருங்கள். "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு" என்று வரும் பகுதிதான் உங்களுடையது. காற்று 50, 60 என்று போட்டிருந்தால் நாளைக்கு ஓடாது என்றே எடுத்துக்கொண்டு, மேலதிகாரிக்கு அன்றிரவே ஒரு செய்தி போட்டுவிட்டுப் படுங்கள். பிறகு ஓடினால் ஓடட்டும். சந்தேகமான நாளுக்கு ஒரு வெட்டு நேரம் வையுங்கள், ஒன்பது மணியென்றால் ஒன்பது மணி. அதுவரை வள்ளம் வெளிக்கிடாவிட்டால் அலுவலகத்துக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஏறுவது. அந்த நேரத்தை முதல்நாளே ஒரு துண்டில் எழுதுங்கள். துறையில் நின்று தீர்மானிக்கக் கூடாது. அங்கே பத்துப் பேர் பத்துச் செய்தி சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் நெஞ்சு ஏறி இறங்கும். கிரேக்கத் தீவுகளில் காற்றின் பலம் பௌஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் தடை அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கப்டனோடு மல்லுக்கட்டுவதில்லை, கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு தெளிவான மணி அடிக்காத நாட்களில், உங்கள் மணியை நீங்களே அடிக்க வேண்டும்.

இப்போது அந்த மீன்பிடிப் படகு. இதில் இரக்கமில்லாமல்தான் எழுதுவேன். பெரிய வள்ளமே வேண்டாம் என்று நிறுத்திய கடலில், ஆள் ஏற்றுவதற்கென்று கட்டாத ஒரு படகில், நாலு பேர் ஒரு சிவப்புக் கோட்டுக்காகப் போயிருக்கிறீர்கள். உயிர்காப்பு அங்கியைப் பற்றி ஒரு வரியும் இல்லை, இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். வள்ளத்தை நிறுத்திய ஓட்டி அன்றைக்கு உங்களுக்குச் செய்தது உபகாரம், அதைத்தான் நீங்கள் "ஓடாது" என்று முறைப்பாடாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நித்திரை போனது அந்தப் படகிலிருந்துதான் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடம்பு சொல்வதைக் கேளுங்கள். இனி அப்படி ஏறுவதில்லை என்று மற்ற மூன்று பேரோடும் கதைத்து முடிவெடுங்கள். தனிய மறுப்பது கஷ்டம், நாலு பேரும் சேர்ந்து மறுத்தால் மேலதிகாரியும் யோசிப்பார். பெரிய வள்ளத்திலும், அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக் கொளுவுங்கள். அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள்.

சிவப்புக் கோட்டுக்கு மருந்து ஒரு கொப்பி. திகதி, பஸ் வந்த நேரம், வள்ளம் வெளிக்கிட்ட நேரம், ஓடாவிட்டால் காரணம். இரண்டு மாதம் எழுதுங்கள். பிறகு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தத் தாளோடு மேலதிகாரியைச் சந்தியுங்கள். கள வேலை எல்லாம் தங்கும் நாட்களில், அறிக்கை எழுதும் வேலை வள்ளம் ஓடாத நாட்களுக்கு என்று ஒழுங்குபடுத்தித் தரக் கேளுங்கள். "எப்பவும் பிந்துது சேர்" என்பது புலம்பல், 41 நாளில் 13 நாள் என்பது கதைக்கக்கூடிய விஷயம். (எண்கள் உதாரணத்துக்குத்தான்.) அந்தக் கொப்பி உங்களுக்கே ஒரு வேலை செய்யும்: அறுந்த நாட்களை மட்டும் நினைவில் வைத்திருக்கிற மனத்துக்கு, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த நாட்களையும் எண்ணிக் காட்டும்.

சத்தி லேசான விஷயம். உள்காது ஆடுகிறது என்கிறது, போனைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு பிரட்டும். போனைப் பைக்குள் வையுங்கள். வள்ளத்தின் நடுப்பகுதியில், காற்றுப்படும் இடமாக, இயந்திரப் புகை வராத பக்கம் இருந்து, தூரக் கரையையோ அடிவானத்தையோ பாருங்கள். வெறும் வயிற்றோடும் ஏறவேண்டாம், வயிறு முட்டப் புட்டுச் சாப்பிட்டும் ஏறவேண்டாம். சிலருக்கு இஞ்சி கேட்கும். சினாரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற குளிசைகள் உண்டு. சத்தி தொடங்கின பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். நித்திரையும் தூக்கும். வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்கள் என்றால் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அம்மாவின் விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன், அது லேசானதல்ல. நடைமுறைக்கு ஒரு ஒழுங்கு: ஏறும்போது "ஏறிட்டன்", இறங்கினதும் "இறங்கிட்டன்". இடையில் அவ எடுப்பதில்லை. ஏறிய செய்தி வந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் மற்றது வராவிட்டால் யாருக்கு எடுப்பது என்று ஒரு இலக்கம், உங்கள் அலுவலகத்தில் ஒருவருடையது, சுவரில் ஒட்டி வைக்கப்பட வேண்டும். பத்து அழைப்பும் எடுக்கப்படாமல் போகும்போது அவ என்ன நினைப்பா என்று உங்களுக்குத் தெரியும்தானே.

ஆனால் அவ பயப்படுவது காற்றுக்கு மட்டும்தானா? உங்கள் வயதைப் பார்த்தால் அவ 1985இல் பிள்ளைப் பருவத்திலோ குமர்ப்பிள்ளையாகவோ இருந்திருப்பா. அந்த வருடம் மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். நீங்கள் தினமும் போய்வருகிற அதே கடல். அந்தத் தலைமுறைக்கு "நெடுந்தீவு வள்ளம்" என்ற சொல்லே வேறு. அம்மா இதைப் பற்றி உங்களிடம் கதைக்காமலே இருந்திருக்கக்கூடும், கதைக்காதவர்கள்தான் பத்துத் தரம் எடுப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, அவசரமில்லாத நேரம் பார்த்து, "அந்த நேரம் நீங்கள் எங்க இருந்தீங்கள் அம்மா?" என்று கேளுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பிறகு ஒரு பங்குனிச் சனிக்கிழமை, கடல் படுத்துக் கிடக்கும் நாளில், அவவை உங்களோடு வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போங்கள், அவவுக்கு மனம் இருந்தால் மட்டும்.

இவ்வளவும் செய்து, ஐந்தாறு கிழமைக்குப் பிறகும் நித்திரை வராவிட்டால், அல்லது கடல் கனவில் வந்து எழுப்பினால், அல்லது வாழ்வதே அலுத்ததுபோல் தோன்றினால், நாள் கடத்தாமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் அவசரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். அந்தப் படகுப் பயணம் உங்களில் எதையோ கிளறிவிட்டிருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

வேலையை விடுவதா என்பதற்கு இன்றைக்குப் பதில் சொல்லமாட்டேன். விடுவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நித்திரையில்லாத ஒருவரின் ராஜினாமாக் கடிதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. நாலு தடவைக் கணக்கில் மூன்று மாதம் ஓடிப் பார்த்துவிட்டு அந்தக் கொப்பியோடு திரும்ப எழுதுங்கள். ஒரு வருடமாகப் போய்வருகிறீர்கள், கடிதத்தில் அந்தத் தீவில் திரியும் காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னேர வள்ளத்துக்கு ஓடுகிறவர்கள் நெடுந்தீவைக் காண்பதில்லை என்று எனக்குத் தெரியும், நானும் அந்த மூன்று இரவுக்குப் பிறகுதான் கண்டேன். அறை பார்க்கப் போகும்போது கதவு யன்னலைப் பிறகு பார்க்கலாம். முதலில் கிணற்றுத் தண்ணியை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அங்கே பல கிணறுகள் உவர், நல்ல தண்ணிக் கிணறு பக்கத்தில் இருக்கிற வீட்டை ஆரும் எடுக்க முன்னம் எடுத்துவிடுங்கள்.